மூன்றாவது சிலிண்டரில் ஒரு விரிசல்

என் மகனே,

போன மாதம் நீ போனில் பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது. "மஸ்கட்ல வேல கெடச்சிருக்குப்பா. அடுத்த மாசக் கடைசியில போறேன்" என்றாய். "சரிப்பா, உடம்பப் பாத்துக்க" என்றேன். வைத்துவிட்டாய். நம் பக்கத்தில் பக்கத்துத் தெருக் கடைக்குப் போகிறவன்கூடப் "போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்லுவான். நீ "போறேன்" என்று மட்டும் சொன்னாய். வேண்டுமென்று சொல்லியிருக்க மாட்டாய், அவசரத்தில் வந்திருக்கும். ஆனாலும் அந்த ஒரு சொல் என்னை உட்காரவிடவில்லை. அன்றைக்கே கொட்டகையின் தகரக் கதவைத் திறந்தேன். பதினோரு வருடமாக உள்ளே கிடந்த நம் தண்ணீர் லாரியின் பானெட்டைத் தூக்கினேன். அதற்குப் பிறகு நடந்ததை உனக்குச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை, "நீங்க சொல்லுங்க பெரியப்பா, நான் போன்ல அடிச்சு அனுப்புறேன்" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இது இன்னொருவர் கையால் எழுதக்கூடிய விஷயம் இல்லை. எழுத்து கோணலாகத்தான் வரும். பொறுத்துப் படி.

அந்த லாரி நீ பிறப்பதற்கு முன்பே கிழவண்டி. மூக்கு நீண்ட பழைய மாடல். ஒரு பஞ்சு மில்லில் ஓடி ஓய்ந்ததை வாங்கி, பின்னால் இரும்புத் தொட்டி ஏற்றினேன். நம் கரிசல் காட்டில் எங்கே போர் போட்டாலும் உப்புத் தண்ணீர்தான். பந்தல்குடிக்குத் தெற்கே அந்த ஒரு கிணற்றில்தான் வாயில் வைக்கிற மாதிரி தண்ணீர் கிடைத்தது. அங்கே நிரப்பி, திருச்சுழி வரைக்கும் உள்ள ஊர்களுக்குக் கொண்டுபோய் ஊற்றினேன். கல்யாண வீடு, கருமாதி வீடு, கட்டட வேலை என்று எங்கே கேட்டாலும் போவேன். நீ நடக்கப் பழகியதே அந்த வண்டியின் டயரைப் பிடித்துக்கொண்டுதான். தூத்துக்குடி ரோட்டில் போகிற லாரிகளின் சத்தத்தை வைத்தே, கண்ணை மூடிக்கொண்டு, இது காலி, இது லோடு, இதுக்கு கியர் பாக்ஸ் போச்சு என்று சொல்லுவாய். இருபத்தோரு வயதில் ஹெவி லைசென்ஸ் எடுத்தாய். தண்ணீர் லோடு மற்ற லோடு மாதிரி இல்லை, பிரேக் பிடித்தால் பின்னாலிருந்து முட்டும், வளைவில் சாய்த்துவிடும். நான் ஓட்டினால் முப்பது வருடம் ஓட்டிய பிறகும் தொட்டிக்குள் தண்ணீர் மோதுகிற சத்தம் கேட்கும். நீ ஓட்டினால் தண்ணீர் தூங்கும். இதை ஒரு நாள்கூட உன்னிடம் நான் சொன்னது கிடையாது. மெக்கானிக் முத்திருளப்பனிடம் சொல்லியிருக்கிறேன், டீக்கடையில் சொல்லியிருக்கிறேன். உன் முகத்தைப் பார்த்துச் சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும் என்று நினைத்தேன். பிள்ளைகளைப் பற்றி நல்லதை ஊரிடம் சொல்லுவோம், கெட்டதைப் பிள்ளைகளிடம் சொல்லுவோம். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் இதை மாற்றிச் செய்.

நான் உனக்குச் சொல்லிக் கொடுத்ததில் ஒன்றை மட்டும் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். எஞ்சின் கொதித்துவிட்டால் உடனே ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது, பச்சைத் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஓரங்கட்டி, நிழல் இருந்தால் நிழலில் நிறுத்தி, அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். கொதிக்கிற வார்ப்பு இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். நீ அதை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்திருந்தாய். அந்தப் பங்குனி மாதம் அதை மீறியது நான்தான்.

நீ அன்றைக்கு வரவில்லை, உனக்குக் காய்ச்சல். திருச்சுழியில் ஒரு வீட்டுக்குக் கூரைக் காங்கிரீட் போடுகிறார்கள், கலவை ஆரம்பித்துவிட்டார்கள், தண்ணீர் இல்லை என்று போனுக்கு மேல் போன். பந்தல்குடி தாண்டியதும் ஒரு ரப்பர் ஹோஸ் லேசாகக் கிழிந்து ஒழுகியிருக்கிறது. நான் கவனிக்கவில்லை. சூடு காட்டுகிற முள் சிவப்புக்குப் போய் ஒட்டிக்கொண்ட பிறகுதான் பார்த்தேன். நிறுத்தினேன். மூடியைத் திறந்தேன், ஆவி முகத்தில் அடித்தது. ஹோஸில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டினேன். போன் மறுபடி அடித்தது. பின்னால் தொட்டி நிறையத் தண்ணீர். ஒரு வாளி பிடித்து வந்து அப்படியே ஊற்றினேன். உள்ளே ணங்கென்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை, வெண்கலச் செம்பு கல்லில் இடித்த மாதிரி. ரோட்டில் ஆயிரம் வண்டி போகிறது, வேறு யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. எஞ்சினுக்கு மேல்மூடியாக இருக்கிற ஹெட் விரிசல் விட்டுவிட்டது என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரியும்.

ஆனாலும் வண்டி ஓடியது. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வரும், ரேடியேட்டரில் தண்ணீர் தினமும் குறையும், மூடியைத் திறந்தால் முட்டை முட்டையாகக் கொப்பளிக்கும். நீ கேட்டாய், "ஏம்ப்பா தண்ணி இப்புடிக் குறையுது?" நான், "ஹோஸ் பழசுலே, மாத்தணும்" என்றேன். உன் அம்மாவின் அஞ்சறைப்பெட்டியிலிருந்து மஞ்சள் தூளை அள்ளிக்கொண்டு போய் ரேடியேட்டரில் போட்டேன். சின்ன ஒழுகல் என்றால் டிரைவர்கள் செய்கிற வேலைதான் அது, மஞ்சள் போய் அடைத்துக்கொள்ளும். விரிசல் விட்ட ஹெட்டுக்கு அது எத்தனை நாள் தாங்கும்? எனக்குத் தெரியாமல் இல்லை. உன்னிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே இரண்டு பேரும் சேர்ந்து கழற்றியிருப்போம். ஆயிரம் தடவை உனக்குச் சொன்ன தப்பை நானே செய்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். அதைவிடப் பெரிதாக ஒரு காரணம் இருந்தால் எழுதியிருப்பேன். இல்லை.

வைகாசியில் ரெட்டியபட்டிக் கல்யாணம் வந்தது. காலை முகூர்த்தம், மத்தியானம் சாப்பாடு. நான் ஏற்கெனவே பஸ்ஸில் போய்ப் பந்தலில் உட்கார்ந்துவிட்டேன். நீ இரண்டாவது நடை தண்ணீரோடு வர வேண்டும். சமையல்காரர்கள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. மாப்பிள்ளை வீட்டார் முகம் மாற ஆரம்பித்தது. பெண்ணின் அப்பா என்னிடம் வந்து, "என்னண்ணே, ஒங்கள நம்பித்தான எல்லாம் வச்சிருக்கேன்" என்று கையைப் பிடித்தார். அந்த நேரத்தில்தான் ஊருக்குள் திரும்புகிற வளைவில் நம் வண்டி தெரிந்தது. முன்பக்கம் முழுக்க ஆவி. பந்தலுக்கு நூறு அடி இருக்கும்போது நின்றது, அதற்குப் பிறகு அசையவில்லை. வெளியே வந்து பார்த்தால் கீழே எண்ணெய் பால் கலந்த டீ மாதிரி வடிந்துகொண்டிருந்தது. கல்யாணக் கூட்டம் பாதி ரோட்டுக்கு வந்துவிட்டது. அவ்வளவு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் உன் பக்கம் திரும்பி, "கொதிக்கிற எஞ்சின்ல பச்சத் தண்ணிய ஊத்தினியாலே?" என்றேன். எப்படி அந்தக் கேள்வி என் வாயில் வந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். என்னிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. நீ, "இல்லப்பா. பாலத்துக்கிட்ட நிப்பாட்டி, முக்கா மணி நேரம் ஆறவிட்டுத்தான் ஊத்தினேன். அதான் இம்புட்டு நேரம்" என்றாய். "பொய் சொல்றான் பாருங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன். அடித்தேன். கன்னத்தில் ஒன்று, பிறகு தலையில் ஒன்று. இருபத்திரண்டு வயது ஆம்பளையை, மீசை வைத்த பிள்ளையை, உன் வயசுப் பையன்களும் தாவணி போட்ட பிள்ளைகளும் பார்க்க அடித்தேன். "நீ தொட்டது எதுவும் வெளங்காதுடா" என்றேன். நீ திறந்துகிடந்த ரேடியேட்டரை ஒரு தடவை பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். என்னவோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டாய். பயத்தில் மூடுகிறாய் என்று நினைத்தேன். சாவியை பம்பர் மேல் வைத்துவிட்டு அந்த வீட்டுக்குப் பின்பக்கமாகப் போய்விட்டாய். தெருக்காரர்கள் வண்டித் தொட்டியிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்துதான் அன்றைக்குச் சோறு வெந்தது.

கல்யாணத்துக்கு வந்திருந்த முத்திருளப்பன் வேறொரு லாரியை வரவழைத்து, கயிறு கட்டி இழுத்துப்போய்க் கொட்டகையில் விட்டான். "ஹெட்டக் கழத்திப் பாத்துருவம்ணே" என்றான். "வேண்டாம், கெடக்கட்டும்" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கழற்றினால் விரிசலின் வயசு தெரிந்துவிடும். அப்படித்தான் அந்த வண்டி பதினோரு வருடம் திறக்காமல் கிடந்தது. நான் அடுத்தவர் வண்டியில் டிரைவராகப் போனேன். நீ எட்டாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூர் பஸ் ஏறினாய். உன் அம்மாதான் பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். நான் வீட்டுக்குள் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அவளுக்குத் தெரியும். அஞ்சறைப்பெட்டியில் மஞ்சள் கிண்ணி காலியானது அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? நீ போன அன்றைக்குத் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "நீங்க ஒடச்சத அவன் ஒடச்சான்னு சொன்னீகளா?" நான் கத்தினேன். வண்டியைப் பற்றிப் பொம்பளைக்கு என்ன தெரியும் என்றேன். அதற்கப்புறம் அவள் சத்தம் போட்டுக் கேட்டதில்லை. வருடத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கோ தீபாவளிக்கோ நீ வந்துவிட்டுப் போன மறுநாள், சோற்றைப் போட்டுக்கொண்டே, "சொன்னீகளா?" என்று மட்டும் கேட்பாள். நான் சாப்பிட்டுக்கொண்டே இருப்பேன்.

சர்க்கரை முற்றி அவளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது, ஒரு மத்தியானம், நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தாய். அவள் என் சட்டை நுனியைப் பிடித்தாள். "நானே சொல்லிரலாம்னு எத்தனையோ தடவ நெனச்சேன். நான் சொன்னா அது கோள் சொன்ன மாதிரி ஆயிரும். நீங்க சொல்றதுதான் மொற" என்றாள். "சொல்றேன்" என்றேன். "எப்ப?" என்றாள். நீ படியேறி வந்துவிட்டாய். எனக்குப் பதில் சொல்ல வேண்டியது இல்லாமல் போனது நல்லதாகப் போயிற்று என்று அப்போது நினைத்தேன். நான்கு நாள் கழித்து அவள் போய்விட்டாள். அவள் என்னிடம் கடைசியாகக் கேட்ட கேள்வி அந்த "எப்ப?"தான்.

பால் தெளிக்கப் போன அன்றைக்குச் சுடுகாட்டுத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். உன் தலை மொட்டையாக இருந்தது, வெயிலில் வியர்த்து வழிந்தது. ஒரு பத்து நிமிடம் இருக்கும். சொல்ல வேண்டும் என்றுதான் உன்னை உட்காரவைத்தேன். வாயைத் திறந்தேன். "சாப்பிட்டியா?" என்று வந்தது. நீ, "ம்" என்றாய். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு நடந்தாய். என் மகனே, தப்பைச் செய்த நாளில் சொல்லிவிட்டால் அது தப்பு மட்டும்தான். தள்ளிப்போட்டால் அதற்கு ஒரு காவல் போட வேண்டியிருக்கிறது, ஆயுசு முழுக்க. நீ அந்நிய நாட்டுக்குப் போகிறாய். உனக்கு நான் சொல்லுகிற புத்திமதி இந்த ஒன்றுதான். மேலதிகாரியிடமோ மனைவியிடமோ எதையாவது ஒளிக்க நேர்ந்தால், அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் சொல்லிவிடு.

இந்த ஒரு மாதக் கதைக்கு வருகிறேன். முத்திருளப்பனுக்கும் தலை நரைத்துவிட்டது. அருப்புக்கோட்டை பைபாஸில் அதே பட்டறைதான். நான் போய் நின்றதும், "அந்தக் கெழவண்டியா? பேசாம எடைக்குப் போடுங்கண்ணே" என்றான். "ஓடணும் இருளப்பா" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு எதுவும் கேட்காமல் சாமான் பையை எடுத்துக்கொண்டு வந்தான். பிஸ்டன்கள் இறுகிக் கிடந்தன. டீசலும் எண்ணெயும் ஊற்றி ஊறவைத்து, கம்பி போட்டு நெம்பி நெம்பி, ஆறாம் நாள்தான் சுற்றியது. ஹெட்டின் போல்ட்டுகளில் இரண்டு முறிந்து கையோடு வந்தன. சங்கிலி போட்டு ஹெட்டைத் தூக்கி, புரட்டி, டீசலில் கழுவி வைத்தான். பிறகு ஒரு சிவப்பு மருந்தை அதன் மேல் அடித்துத் துடைத்தான், அதன் மேல் வெள்ளை மருந்து அடித்தான். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆனது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். கொஞ்ச நேரத்தில் மூன்றாவது சிலிண்டரில், இரண்டு வால்வுக்கும் நடுவில், மயிரிழை மாதிரி ஒரு சிவப்புக் கோடு எழும்பி வந்தது. அங்கிருந்து தண்ணீர் ஓடுகிற வழி வரைக்கும் போயிருந்தது.

முத்திருளப்பன் ஊசியால் அந்தக் கோட்டைக் கிளறினான். துருவும் மஞ்சளும் சேர்ந்து கல்லாகக் கட்டியிருந்தது பொடிப்பொடியாக வந்தது. உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் காட்டினான். "அண்ணே, இது கல்யாணத்தன்னிக்கு விட்ட விரிசல் இல்ல. அதுக்கு முன்னாடியே விட்டு, மஞ்சளப் போட்டு அடச்சு, மாசக்கணக்குல ஓடியிருக்கு" என்றான். "தெரியும்" என்றேன். உன் அம்மாவுக்கு அப்புறம் நான் அதை ஒத்துக்கொண்ட முதல் ஆள் அவன்தான். சாமானைக் கீழே வைத்துவிட்டான். "அன்னிக்கு நானும் அங்கனதான நின்னேன். நீங்க அடிக்கிறப்ப, அப்பன் மகன் விசயம்னு ஒதுங்கி நின்னுட்டேன். இப்ப வந்து தெரியும்னு சொல்றீகளேண்ணே" என்றான். அவன் கண் கலங்கிவிட்டது. டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவன் அன்றைக்குத் திரும்பி வரவில்லை. மறுநாள் காலையில் வந்தான். வந்ததும் சாமானைக் கையில் எடுத்தான்.

விரிசலை வெல்டிங் வைத்துப் பற்றவைத்தால் அந்தச் சூட்டில் பக்கத்தில் இன்னொரு இடம் வெடிக்கும், பழைய வார்ப்பு, தைத்துவிடலாம் என்றான். இந்த மாடலுக்கு வேறு ஹெட் எங்கேயும் கிடைக்காது. தையல் என்றால் ஊசி நூல் இல்லை. விரிசல் மேற்கொண்டு ஓடாமல் இருக்க அதன் இரண்டு முனையிலும் முதலில் ஒரு துளை. பிறகு கோட்டின் மேலேயே ஒரு துளை போட்டு, உள்ளே திருகு மரை வெட்டி, இரும்பு முளையைத் திருகி இறக்கி, மேலே நறுக்கிவிடுவது. அடுத்த துளை அந்த முளையையும் கொஞ்சம் கடித்துக்கொண்டு விழ வேண்டும். அப்படியே வரிசையாகப் பதினெட்டு முளை இறங்கியது. ஒவ்வொன்றையும் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிப் படியவைத்தான். நான் ஹெட்டைப் பிடித்துக்கொண்டேன். தேய்த்துச் சமமாக்கி, வழிகளை எல்லாம் அடைத்து, உள்ளே சுடுதண்ணீரை அழுத்தத்தோடு ஏற்றினோம். ஒரு மணி நேரத்தில் ஓரத்தில் வியர்வை மாதிரி ஒரு சொட்டு. முத்திருளப்பன் உட்கார்ந்துவிட்டான். மறுபடி இரண்டு முளையைத் துளைத்து எடுத்துவிட்டுப் பெரியதாகப் போட்டான். இரண்டாவது தடவை ஏற்றியபோது சாயங்காலம் வரைக்கும் ஒரு சொட்டு வரவில்லை. ஹெட்டை ஏற்றி, நடுவிலிருந்து தொடங்கி நட்டுகளை முறைப்படி இறுக்கி, போன புதன்கிழமை பத்தரை மணிக்கு ஸ்டார்ட் பண்ணினோம். முதலில் கறுப்பாகப் புகைந்தது, இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. முத்திருளப்பன் சிரித்தான். நான் போய்த் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இது சரியா இல்லையா என்று சொல்ல நீ இல்லை.

வெள்ளிக்கிழமை அதே கிணற்றில் தொட்டியை நிரப்பிக்கொண்டு ரெட்டியபட்டிக்கு ஓட்டிப் போனேன். யாரும் தண்ணீர் கேட்கவில்லை. எந்த ஊரில் உன்னைப் பொய்யன் என்றேனோ அந்த ஊரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. வளைவில் டீக்கடை வந்திருக்கிறது, அங்கே நிறுத்தினேன். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நான் நின்றபடியே சொன்னேன். "பதினோரு வருசத்துக்கு முன்னாடி, இங்கன ஒரு கல்யாணத்துக்குத் தண்ணி கொண்டாந்த வண்டி நின்னுபோச்சு. எம் மகன்தான் ஒடச்சான்னு அடிச்சேன். ஒடச்சது நான். அவன் பொய் சொல்லல." ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எந்தக் கல்யாணம்ணே?" என்றார் ஒருவர். "யாரு மகன்?" என்றார் இன்னொருவர். ஒரு ஆளுக்கும் நினைவில்லை. யார் முன்னால் என் மானம் போய்விடும் என்று உன்னை அடித்தேனோ, அவர்களுக்கு அப்படி ஒரு நாளே இல்லை. பெஞ்சில் இருந்தவர் நகர்ந்து இடம் கொடுத்து, "ஒக்காருங்க, டீ சாப்புடுங்க" என்றார். நான் உட்காரவில்லை.

அந்த வீட்டுக்குப் போனேன். பெண்ணின் அப்பா செத்து மூன்று வருடம் ஆயிற்றாம். அவர் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும் என்று போனேன், படத்தில் மாலையோடு இருந்தார். அவர் மனைவி கோவிந்தம்மா மட்டும் வாசலில் பருத்தி பிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார்கள். நான் டீக்கடையில் சொன்னதையே திரும்பச் சொன்னேன். பாதியிலேயே கையை உயர்த்தி நிறுத்தினார்கள். "எனக்குத் தெரியுங்க. அன்னிக்கே ஒங்க மகன் எங்கிட்டச் சொல்லிருச்சு" என்றார்கள்.

அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எங்க மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னாடி ஒக்காந்து அழுதுக்கிட்டு இருந்துச்சு. கல்யாண வீட்டுல புள்ள அழுகுதேன்னு மோரு கொண்டு போயிக் குடுத்தேன். 'ஏம்ப்பா, நெசமாவே நீ ஒடைக்கலையா?'ன்னேன். 'ரேடியேட்டரத் தொறந்தப்ப மஞ்சளா மெதந்துச்சும்மா. எங்க வீட்டு மஞ்சத்தான். ஒடஞ்சிருக்குன்னு எங்கப்பாவுக்கு முன்னாடியே தெரியும்'னு சொல்லுச்சு. 'அத அங்கனயே சொல்ல வேண்டியதான?'ன்னு கேட்டேன். 'அம்புட்டுப் பேரு முன்னாடி எங்கப்பா தல குனிஞ்சு நிக்கணுமாம்மா?'ன்னுச்சு. யாருகிட்டயும் சொல்லாதீகன்னு கையடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிருச்சு. நான் எங்க வீட்டுக்காரர்கிட்டக்கூடச் சொல்லல."

நான் அங்கே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மா பருத்தியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். செம்பை வாங்கிக் கீழே வைத்தேன். பதினோரு வருடமாக நான் எதை உன்னிடமிருந்து ஒளித்தேனோ அது முதல் நாளிலிருந்தே உன் கையில் இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில், சுடுகாட்டில், உன் கல்யாணத்தில் மணமகனின் தகப்பன் என்று என்னை முன்னால் உட்காரவைத்தபோது, எல்லா இடத்திலும் நீ தெரிந்துகொண்டே இருந்திருக்கிறாய். நான் சொல்லுவேன் என்று காத்திருந்தாயா? "சாப்பிட்டியா?" என்று கேட்டபோது உனக்கு என்ன தோன்றியிருக்கும்? என் மானத்தைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டவனைத்தான் பொய்யன் என்றேன்.

உன் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் மருமகள் என்னிடம் போனில் கேட்டாள். "மாமா, அவுக ஸ்கூட்டர்கூடத் தொட மாட்டேங்கிறாக. நான் ஓட்டினா பின்னாடி ஒக்காந்து வாராக. ஏன் மாமா?" என்றாள். "சின்ன வயசுலேருந்தே அவனுக்கு வண்டின்னா பயம்மா" என்றேன். கூசாமல் சொன்னேன். வாயிலிருந்து அது அவ்வளவு சுலபமாக வந்தது. உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு கல்யாணக் கூட்டத்தில் உன் மரியாதையை மட்டும் இல்லை. உன் கையில் இருந்த வேலையையே எடுத்துக்கொண்டேன். அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை. லாரி கொட்டகையில் ஓடுகிற நிலையில் நிற்கிறது. வந்து ஓட்டு என்று உன்னைக் கேட்கிற உரிமை எனக்கு இல்லை. கேட்கவும் மாட்டேன். மன்னித்துவிடு என்றும் எழுதவில்லை. அதை எழுதினால் நீ பதில் சொல்ல வேண்டியதாகிவிடும். உனக்கு அந்தப் பாரமும் வேண்டாம்.

நீ விமானம் ஏறுவதற்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் நான் கோயம்புத்தூர் வாரேன். பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம், விசாரித்து வந்துவிடுவேன். உன்னைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லவில்லை, மருமகளைப் பார்க்கத்தான் வருகிறேன். நீ வெளியே போயிருந்தாலும் சரி, உள் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாலும் சரி. சோறு, காபி எதுவும் வேண்டாம். வாசலில் நின்று அவளிடம், "எம் மகனுக்கு வண்டின்னா பயம்னு நான் சொன்னது பொய்யும்மா. இந்தச் சீமையில அவன் மாதிரி தண்ணி லோடு ஓட்ட ஆளு கெடையாது" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

உன் அப்பா